விளம்பரக் கணக்கில் எஃப்.ஓ.பி. எங்கே?

திருப்பூர்ப் பக்கம் எழுத்துச் சுருக்கங்களைக் கண்டு யாரும் மிரள்வதில்லை. பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த சில நாளிலேயே ஜி.எஸ்.எம்., எஃப்.ஓ.பி., சி.எம்.டி., எம்.ஓ.க்யூ., எல்.சி. எல்லாம் காதில் விழுந்து, மாதம் முடிவதற்குள் வாயிலும் வந்துவிடும். பத்தாவது படித்துவிட்டு செக்கிங் டேபிளில் நிற்கிற பெண்கூட, துணியைத் தொட்டுப் பார்த்து "இது 180 இல்லீங்க, 160-தான் இருக்கும்" என்பாள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்பதுதான் ஜி.எஸ்.எம். சந்தேகம் இருந்தால் வட்டமான ஜி.எஸ்.எம். கட்டரைத் துணிமேல் வைத்து அழுத்தித் திருகுவார்கள். சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வட்டத் துண்டு வரும். சின்ன எலக்ட்ரானிக் தராசில் வைத்தால் 1.6 கிராம் காட்டும். நூறால் பெருக்கினால் 160. பேச்சு முடிந்தது.

இப்படிப்பட்ட ஆட்கள்தான், ஆன்லைனில் விற்கலாம் என்று ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சியைப் பிடித்தவுடன், சி.டி.ஆர்., சி.பி.சி., ரோவாஸ் என்று வருகிற மாத ரிப்போர்ட்டைப் பார்த்து வாயைத் திறக்காமல் தலையாட்டுகிறார்கள். எனக்கு இது ஆச்சரியம்தான். கோவையில் பம்ப் செய்கிறவர், சென்னிமலையில் பெட்ஷீட் விற்கிறவர், காங்கயத்தில் செக்கு வைத்திருக்கும் என் மாமா, எல்லாருக்கும் இதே கதை. செலவைப் பைசா சுத்தமாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள், அந்த பி.டி.எஃப். முன்னால் மட்டும் பள்ளிக்கூடப் பையன்போல் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

எஃப்.ஓ.பி.யை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டி-ஷர்ட்டுக்கு எஃப்.ஓ.பி. விலை சொன்னால், தூத்துக்குடியில் கப்பலில் சரக்கு ஏறும் வரை செலவும் நட்டமும் என்னுடையது. ஏறியபின் வாங்குகிறவருடையது. சி.ஐ.எஃப். என்றால் அந்த ஊர்த் துறைமுகம் வரைக்குமான கப்பல் வாடகையும் இன்ஷூரன்சும் என் விலைக்குள் வந்துவிடும். ஆக இந்த எழுத்துகள் சொல்வது, யார் தலையில் இருக்கும் பாரம் எந்த இடத்தில் அடுத்தவர் தலைக்கு மாறுகிறது என்பதைத்தான். விளம்பரக்காரர்களின் எழுத்துகளையும் நான் அப்படித்தான் படிக்கிறேன்.

சி.பி.எம். என்பது விளம்பரத்தை ஆயிரம் முறை காட்டுவதற்கான செலவு. எம் என்ற எழுத்தை மில்லியன் என்று எடுத்துக்கொண்டு குழம்புகிறவர்கள் உண்டு, ஆயிரம்தான். (நம்மூரில் சி.பி.எம். என்றால் கட்சி ஆபீஸ் ஞாபகம்தான் முதலில் வரும், அது வேறு.) சி.பி.சி. என்பது ஒருவர் விளம்பரத்தைத் தட்டி உள்ளே வர ஆகும் செலவு. சி.பி.ஏ. என்பது ஒரு ஆர்டர் விழ, அல்லது ஒருவர் நம்பர் கொடுக்க ஆகும் செலவு. மூன்றுக்கும் நடுவே சி.டி.ஆர்., கன்வெர்ஷன் என்று இரண்டு சதவீதங்கள். நூறு முறை காட்டியதில் எத்தனை தட்டல் என்பது முதலாவது. நூறு தட்டலில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பது இரண்டாவது. கணக்கு இவ்வளவுதான், ஐந்தாம் வகுப்பு வகுத்தல்.

ஆனால் காசு எந்த எழுத்தின்படி கொடுக்கப்படுகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. சி.பி.எம்.படி கொடுத்தால், காட்டியதோடு தளத்துக்காரர் வேலை முடிந்தது. பார்த்தவர் விரலால் தள்ளிவிட்டுப் போனால் நட்டம் நமக்கு. சி.பி.சி. என்றால் தட்டும் வரை பாரம் அவர்களுடையது. ஆர்டர் விழுந்தால்தான் கமிஷன் என்றால் கிட்டத்தட்ட நம் வீட்டுவாசல் வரை அவர்கள் சுமக்கிறார்கள்.

இணைய விளம்பரத்தின் ஆரம்பக் கதையே பாரம் கைமாறுகிற இந்தக் கோடு நகர்ந்த கதைதான். 1994 அக்டோபரில் ஹாட்வயர்டு என்ற இணைய இதழில் ஏ.டி. அண்ட் டி. கம்பெனியின் பேனர் வந்தது. அதைப் பார்த்தவர்களில் நூற்றுக்கு 44 பேர் தட்டினார்கள் என்று இன்றும் விளம்பர உலகத்தில் பெருமூச்சோடு சொல்வார்கள். இன்று நூற்றுக்கு ஒன்று வந்தாலே ஏஜென்சி பச்சை அம்புக்குறி போடுகிறது. 1996-ல் அமேசான், தன் புத்தகங்களை விற்றுக் கொடுக்கிற மற்ற வலைத்தளங்களுக்கு விற்றால் கமிஷன் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. 1998-ல் கோடூ.காம் தேடல் முடிவில் இடம்பிடிக்கத் தட்டலுக்கு இவ்வளவு என்று ஏலம் விட்டது. கூகுள் 2000-ல் ஆட்வேர்ட்ஸ் என்ற விளம்பரச் சேவையை ஆரம்பித்தபோது ஆயிரம் காட்டலுக்கு இவ்வளவு என்றுதான் வாங்கியது. 2002-ல்தான் தட்டலுக்கு மாறியது. காசு கொடுக்கிறவர்கள் கோட்டைத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார்கள், நம் ஏற்றுமதியாளர்களும் பையர்களும் விலைப்பேச்சில் செய்வதைப் போல.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. ரிப்போர்ட்டில் "சி.பி.சி. 5 ரூபாய்" என்று இருக்கும். ஆனால் இரண்டையும் நடத்தும் மெட்டா கம்பெனி பெரும்பாலும் தட்டலுக்குக் காசு வாங்குவதில்லை, காட்டியதற்குத்தான் வாங்குகிறது. மொத்தச் செலவைத் தட்டலால் வகுத்து வந்த எண் அந்த 5 ரூபாய். அடுத்த மாதம் படம் சுமாராக இருந்து பாதிப்பேர் தட்டாமல் போனால் அதே காசுக்கு 10 ரூபாய் ஆகிவிடும். கூகுள் தேடல் விளம்பரத்தில் அப்படியில்லை, தட்டினால்தான் காசு. இரண்டு ரிப்போர்ட்டிலும் ஒரே மூன்றெழுத்து இருந்தாலும் பாரம் மாறுகிற இடம் வேறு.

இப்போது மாமா கதைக்கு வருகிறேன். காங்கயம் பக்கம் தேங்காய்க் களங்கள் நிறைந்த இடம். கொப்பரை காய்கிற வாசனையில்தான் வளர்ந்தோம். மாமா சில வருடம் முன்னால் வாகை மரச்செக்கு போட்டு, தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், கருப்பட்டி போட்டு ஆட்டிய நல்லெண்ணெய் என்று விற்க ஆரம்பித்தார். அக்கம்பக்கத்து விற்பனை நன்றாகப் போகவே, வெளியூருக்கும் அனுப்பலாம் என்று மகன் சொல்லி ஒரு ஏஜென்சியைப் பிடித்தார்கள். மாதக் கடைசியில் ரிப்போர்ட் வந்தது. போனைப் படுக்கப் போட்டுப் பார்த்தால்தான் முழு அட்டவணையும் தெரியும். புரிவதற்காக எண்களை முழுமையாக்கிச் சொல்கிறேன்.

விளம்பரச் செலவு 20,000 ரூபாய். நான்கு லட்சம் முறை காட்டியிருக்கிறார்கள், ஆக சி.பி.எம். 50 ரூபாய். 4,000 தட்டல், சி.டி.ஆர். ஒரு சதவீதம், சி.பி.சி. 5 ரூபாய். அதில் 80 ஆர்டர். கன்வெர்ஷன் 2 சதவீதம், சி.பி.ஏ. 250 ரூபாய். ஒரு ஆர்டரின் சராசரி மதிப்பு, அதாவது ஏ.ஓ.வி., 750. விற்பனை 60,000. செலவழித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் மூன்று ரூபாய் விற்பனை, எனவே ரோவாஸ் 3. பெரிய எழுத்தில், பச்சையில், ராக்கெட் படத்தோடு போட்டிருந்தார்கள்.

"ஏனுங்க தம்பி, மூணு மடங்குங்கறீங்க, செரி. அப்ப பேங்க்ல ஏன் காசைக் காணோம்?" என்று மாமா கேட்டார். "அது ரோவாஸ்ங்கண்ணா, லாபம் வேறங்க" என்றான் ஏஜென்சிப் பையன். பொய் சொல்லவில்லை. ரோவாஸ் என்பது விற்பனையை விளம்பரச் செலவால் வகுப்பது. அதில் கடலைக்காய் விலை இல்லை, டின் விலை இல்லை, கூரியர் இல்லை. செலவெல்லாம் போக மிச்சத்தைச் சொல்வது ஆர்.ஓ.ஐ., அந்த எழுத்து ரிப்போர்ட்டிலேயே கிடையாது.

மாமா டைரியை எடுத்தார். 750 ரூபாய் ஆர்டரில் சரக்கு, டின், பேக்கிங் எல்லாம் சேர்த்து 520. கூரியர் 90. மிச்சம் 140. ஆர்டரைப் பிடிக்கவோ 250 கொடுத்தாயிற்று. எண்பது ஆர்டரும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் 11,200 ரூபாய்தான் மிஞ்சும், விளம்பரத்துக்கு 20,000. 750-ஐ 140-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 5.4 வரும். இந்தச் சரக்குக்கு ரோவாஸ் அதைத் தாண்டினால்தான் முதல் ஆர்டரிலேயே கைக்காசு போகாமல் இருக்கும். தொழில் ஆரம்பிக்கிற எவரும் ஏஜென்சியைக் கூப்பிடும் முன் போட்டு வைத்துக்கொள்ள வேண்டிய ஒரே கணக்கு இது என்பேன். மூன்று நல்லதா என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஒரு பொருளில் முக்கால்வாசி மிஞ்சும் என்றால் மூன்று அமோகம். எண்ணெயில் மூன்று என்பது பள்ளம்.

எண்பதும் போய்ச் சேரவும் இல்லை. இங்கேதான் ஆர்.டி.ஓ. வருகிறது. லைசென்ஸ் ஆபீஸ் இல்லை. அனுப்பிய பார்சல் அனுப்பியவருக்கே திரும்பி வருவதைக் கூரியர்காரர்கள் ஆர்.டி.ஓ. என்பார்கள். சி.ஓ.டி., அதாவது பொருள் வந்ததும் காசு என்ற முறையில் இது சகஜம். ராத்திரி பதினொரு மணிக்கு ரீல் பார்த்துக்கொண்டே ஆர்டர் போட்டவர், ஐந்தாம் நாள் கூரியர் பையன் கூப்பிட்டால் "நான் போடவே இல்லையே" என்பார். அந்த மாதம் 12 பார்சல் திரும்பின. சுவர்க் காலண்டரில் மாமி தேதிவாரியாகக் குறித்து வைத்திருந்தார். ஒரு டின் மூலையில் நசுங்கி, பபுள் ஷீட்டுக்குள் எண்ணெய் கசிந்து, அட்டைப்பெட்டி அப்பளம் பொரித்த காகிதம் மாதிரி ஆகியிருந்தது. போக 90, வர 90. 68 ஆர்டரில் மிஞ்சிய 9,520-ல் இந்த 2,160-ஐக் கழித்தால் 7,360. விளம்பரச் செலவு போக 12,640 ரூபாய் நட்டம். ஏஜென்சியின் மாதக் கட்டணம் இதில் இல்லை. நசுங்கிய டின்னும் இல்லை. விளம்பரத்துக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி. பற்றி ஆடிட்டரிடம் பேசிக்கொள்வோம்.

எஃப்.ஓ.பி. எங்கே என்று பாருங்கள். ஏஜென்சியின் ரிப்போர்ட் ஆர்டர் விழுந்த நிமிஷத்தில் முடிகிறது. மாமாவின் செலவு அந்த நிமிஷத்தில்தான் ஆரம்பமாகிறது. ரிப்போர்ட்டில் இருக்கிற எழுத்துகள் எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம், ஆர்.டி.ஓ. மட்டும் இந்தப் பக்கம். அவர்கள் மறைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். கப்பலில் ஏற்றியபின் என்ன ஆயிற்று என்று நாமும் எழுதுவதில்லையே.

அந்த 80-லும் ஒரு வில்லங்கம். மெட்டாவின் வழக்கமான அமைப்பில், விளம்பரத்தைத் தட்டியவர் 7 நாளுக்குள் வாங்கினாலும், தட்டாமல் வெறுமனே பார்த்தவர் ஒரு நாளுக்குள் வாங்கினாலும் விற்பனை விளம்பரத்தின் கணக்கில் ஏறும். இதை அட்ரிப்யூஷன் என்கிறார்கள். கோவை சாய்பாபா காலனியில் இருக்கும் எங்கள் சித்தி மாதாமாதம் தவறாமல் மாமாவிடம்தான் எண்ணெய் வாங்குகிறார். காலையில் இன்ஸ்டாகிராமில் மாமாவின் செக்கைக் கண்டு சந்தோஷப்பட்டு, சாயங்காலம் வழக்கம்போல் வெப்சைட்டில் ஆர்டர் போட்டால், சித்தியையும் விளம்பரம்தான் பிடித்துக் கொடுத்ததாக ஆகும். அதே ஆர்டரைக் கூகுளும் தன் பங்குக்குச் சொந்தம் கொண்டாடலாம். இரண்டு ரிப்போர்ட்டையும் கூட்டினால் விற்காத எண்ணெயெல்லாம் விற்றிருக்கும்.

இதற்குக் கொஞ்சம் மருந்து யு.டி.எம். லிங்க் முடிவில் கேள்விக்குறிக்கு அப்புறம் நீளமாக ஒரு வால் பார்த்திருப்பீர்களே, அதுதான். யு என்பது அர்ச்சின் என்ற கம்பெனியின் முதல் எழுத்து, அந்தக் கம்பெனியைக் கூகுள் 2005-ல் வாங்கிவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் போடுகிற லிங்குக்கு ஒரு வால், இன்ஸ்டாகிராமுக்கு வேறு வால் என்று வைத்தால் யார் எந்த வழியாக வந்தார்கள் என்பதாவது தெரியும். முழு வைத்தியம் இல்லை.

இவ்வளவு நட்டக் கணக்கும் போட்டபின் மாமா கடையைச் சாத்தவில்லை. அதற்குக் காரணமும் ஒரு மூன்றெழுத்துதான்: எல்.டி.வி. ஒரு வாடிக்கையாளர் நம்மிடம் இருக்கும் காலம் முழுவதும் அவரால் நமக்கு மிஞ்சுகிற தொகை. இதற்கு ஜோடி சி.ஏ.சி., ஒரு புதிய வாடிக்கையாளரைப் பிடிக்க ஆகும் செலவு. சி.பி.ஏ.யோடு இதைக் குழப்பக் கூடாது. சித்தியின் ஆர்டர் சி.பி.ஏ.யில் சேரும், சி.ஏ.சி.யில் சேராது. சித்தி மாதிரி ஆட்களை விட்டுவிட்டு, வாங்கிய 68 பேரும் புதியவர்களே என்று வைத்தால், தலைக்கு 294 ரூபாய். ஆர்டருக்கு 140 மிச்சம். இரண்டாவது ஆர்டரில் 280, மூன்றாவதில் 420. விளம்பரம் இல்லாமல் தானாக வந்து மூன்றாவது டின் வாங்குகிறவர் நமக்கு லாபம். வீட்டில் எண்ணெய் மாதத்தில் தீர்ந்துவிடுகிற பொருள், ஆகவே மூன்று மாதப் பொறுமை இருந்தால் கணக்கு நேராகும்.

இதே யோசனையைப் பவானி ஜமக்காளத்துக்குச் சொன்னால் அடி விழும். ஒரு ஜமக்காளம் வாங்கினால் பேரப்பிள்ளை உருளும் வரை வரும். 2005-06 வாக்கிலேயே புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, உழைப்பதுதான் அதன் பெருமை. மூன்றாவது ஆர்டருக்குக் காத்திருந்தால் தறிக்காரர் என்ன சாப்பிடுவது? அங்கே முதல் ஆர்டரிலேயே காசு வந்தாக வேண்டும். ஏஜென்சிகள் எண்ணெய்க்கும் ஜமக்காளத்துக்கும் கோவைக் கிரைண்டருக்கும் ஒரே ரிப்போர்ட் அச்சை நீட்டுவதுதான் எனக்கு ஆகாத விஷயம்.

வாங்கினவரை மறுபடி வரவைக்க மகன் மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்பலாம் என்றான். அதற்கு டி.எல்.டி. என்ற தொலைத்தொடர்புப் பதிவேட்டில் பதிவு வேண்டும். தொலைத்தொடர்பு ஆணையமான ட்ராயின் 2018 விதிமுறைப்படி அனுப்புகிறவரின் பெயரும், செய்தியின் வாசக அச்சும்கூடப் பதிவாகியிருக்க வேண்டும். அலைச்சலுக்குச் சோம்பல்பட்டு, மாமி வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் "எண்ணெய் தீர்ந்துருச்சுங்களா?" என்று தனித்தனியாகக் கேட்கிறார். வாடிக்கையாளர் விவரத்தைக் குறித்து வைக்கிற சி.ஆர்.எம். மென்பொருள் விற்க வந்த ஒருவரிடம் அந்தச் சுவர்க் காலண்டரைக் காட்டி அனுப்பிவிட்டார்.

மிச்ச எழுத்துகளில் பலவற்றை ஓரமாக வைக்கலாம். கே.பி.ஐ. என்பது எதை அளக்கப் போகிறோம் என்ற பட்டியல். பத்துக்குமேல் போனால் எதையும் அளக்கவில்லை என்று பொருள். எஸ்.இ.ஓ. என்பது காசு கொடுக்காமல் கூகுளில் மேலே வர வழி செய்வது. மெதுவானது, ஆனால் விளம்பரத்தை நிறுத்திய மறுநாள் மறைந்துவிடாது. யு.எஸ்.பி., அதாவது நம் பொருளுக்கே உரிய தனிச்சிறப்பு, அது மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கத்தக்கது. ராசர் ரீவ்ஸ் என்ற அமெரிக்க விளம்பரக்காரர் இதற்கு வைத்த நிபந்தனைகள் கறாரானவை: வாங்குகிறவருக்குக் குறிப்பிட்ட ஒரு பலனைச் சொல்ல வேண்டும், அதைப் போட்டியாளர் சொல்ல முடியாததாக அல்லது சொல்லாததாக இருக்க வேண்டும், ஆட்களை இழுக்கும் பலமும் அதற்கு வேண்டும். நம்மூர்ச் செக்கு எண்ணெய் பாட்டிலெல்லாம் "பாரம்பரியம், இயற்கை, தூய்மை" என்றே இருக்கிறது. எல்லாரும் சொல்வதால் ஒன்றுகூடத் தேறாது. மாமா லேபிளில் ஆட்டிய தேதியைப் பெரிதாகப் போட ஆரம்பித்திருக்கிறார், அது தேறும்.

தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை விற்கிற பி.டு.பி. ஆட்களுக்குத் தலைவலி வேறு. கோவையில் பம்ப் செய்கிற நண்பருக்கு மாதம் நூற்றுக்கணக்கில் லீட் வருகிறது, நாம் என்கொயரி என்போமே அது. விலைப்பட்டியலை இறக்கிப் படித்தவர் எம்.க்யூ.எல்., அதாவது மார்க்கெட்டிங் பார்வையில் தேறியவர். எத்தனை ஹெச்.பி., எந்த ஊர், எப்போது வேண்டும் என்று பதில் சொன்னவர் எஸ்.க்யூ.எல்., விற்பனைக்காரர் வண்டி எடுக்கலாம் என்கிற அளவுக்குத் தேறியவர். லீட் கணக்குக்குக் காசு வாங்குகிறவர் முதல் வகையைக் குவிப்பார். இரண்டாம் வகைக்குத்தான் காசு என்று எழுதிக்கொண்டால் லீட் சுருங்கும், டீசல் மிஞ்சும்.

போன மாதம் ஏஜென்சியோடு ஒப்பந்தம் புதுப்பிக்கிற பேச்சு வந்தது. "வூட்டுக்குப் போய்ச் சேந்த டின்னுக்கு இத்தனைன்னு வாங்கிக்கிறீங்களா?" என்று மாமா கேட்டார். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கூரியர் அவர்கள் கையில் இல்லை, விலையும் அவர்கள் கையில் இல்லை, அது நியாயம்தான். கடைசியில் இப்படி முடிந்தது: ரிப்போர்ட்டில் போய்ச் சேர்ந்த ஆர்டர், புதிய வாடிக்கையாளர் என்று இரண்டு வரி சேரும். அதற்கான விவரத்தை மகன் வாராவாரம் அனுப்புவான். முதல் தடவை சி.ஓ.டி. கேட்கிறவர் 100 ரூபாய் முன்பணம் கட்ட வேண்டும். கட்டணத்தை மூன்று மாதம் கழித்துப் பேசலாம்.

முன்பணம் வைத்ததில் ஆர்டர் குறைந்திருக்கிறது, ரிட்டன் அதைவிட அதிகமாகக் குறைந்திருக்கிறது. ரோவாஸ் மூன்றுக்குக் கீழே இறங்கிவிட்டதே என்று அந்தத் தம்பிக்கு வருத்தம். மாமா அவனுக்கு மோர் கொடுத்து, அடுத்த விளம்பரத்துக்கு நல்லெண்ணெயைப் படம் பிடிக்கச் சொல்லியிருக்கிறார். அதில் டின்னுக்கு மிச்சம் கூட.